முந்நூறு அடிப்பவர்

பேஸ்பாலில் ஒருவர் ‘முந்நூறு அடிக்கிறார்’ என்றால் கெட்டிக்கார பேட்டர் என்று அர்த்தம். உண்மையில் அது 0.300 என்ற பேட்டிங் சராசரி. பத்து முறை மட்டையைப் பிடித்தால் மூன்று முறைதான் ஹிட், அதாவது பந்தை அடித்து, பேஸ் என்னும் நிலையைப் பத்திரமாக எட்டுவது. மிச்சம் ஏழு முறை வெறுங்கையோடு திரும்புகிறார். கிரிக்கெட் வீரர் பிராட்மேனின் சராசரி 99.94-ஐ மனப்பாடமாக ஒப்பிக்கும் ஊரிலிருந்து பாஸ்டனுக்கு வேலைக்கு வந்த எனக்கு இது ஜீரணமாகவே இல்லை. டிவியில் ஆட்டம் ஓடும். கீழே எண்கள் ஓடும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காது.

விளங்க வைத்தவர் என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர். பாஸ்டனின் பேஸ்பால் அரங்கமான ஃபென்வே பார்க்குக்கு அழைத்துப் போய், ஒரு ஸ்கோர் அட்டையையும் பென்சிலையும் கையில் கொடுத்து, “பார்த்தால் புரியாது, எழுது” என்றார். களத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பந்து வீசும் பிட்சர் 1, கேட்சர் 2, ஷார்ட்ஸ்டாப் 6. ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பொறுக்கி இரண்டாம் பேஸ்காரருக்கு (4) எறிய, அங்கிருந்து அது முதல் பேஸ்காரருக்குப் (3) பறக்க, இருவர் அவுட் என்றால் 6-4-3. மட்டையைச் சுழற்றி மூன்றாவது ஸ்ட்ரைக்கில் அவுட்டானால் ‘கே’ என்ற ஆங்கில எழுத்து. சுழற்றாமலே நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். எழுத எழுதத்தான் என் கண்ணுக்கு ஆட்டம் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது ‘எர்ன்ட் ரன்’. கிரிக்கெட்டில் ஃபீல்டர் கேட்சை விட்டாலும் அதன்பிறகு வரும் ரன் பந்து வீசியவர் தலையில்தான் விழும். இங்கே ஃபீல்டரின் பிழையால் வந்த ரன்னை, பிட்சரின் சராசரியில் சேர்ப்பதில்லை. யார் செய்ததற்கு யார் பொறுப்பு என்று இத்தனை கவனமாகப் பிரித்துப் பார்க்கும் விளையாட்டு வேறு இருக்கிறதா, தெரியவில்லை.

ஆனால் அந்தக் கவனத்திலும் ஓட்டைகள் உண்டு. அடிக்கத்தக்க பந்து வரவேண்டிய ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே வரும் நான்கு பந்துகளை அடிக்க முயலாமல் விட்டால், பேட்டர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். அதுதான் ‘வாக்’. பேட்டிங் சராசரியில் இதற்கு இடமே கிடையாது. இந்தப் புள்ளிவிவர முறைக்கு அடித்தளம் போட்ட ஹென்றி சாட்விக், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் கிரிக்கெட் செய்திகள் எழுதியவர். வாக் என்பது பிட்சரின் தவறு, பேட்டருக்கு அதில் என்ன பெருமை என்று நினைத்தார். அடிக்கக் கூடாத பந்தை விடுவதும் ஆற்றல்தான் என்பதைக் கணக்கில் எடுக்கும் ‘ஆன்-பேஸ்’ சதவீதம் அதிகாரப்பூர்வமானது 1984-ல்தான்.

1941-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் பருவத்தின் கடைசி நாளுக்கு முன் 0.39955 சராசரியில் நின்றார். முழுமையாக்கினால் 0.400. ஆடாமல் உட்கார்ந்துகொள்ள வாய்ப்பிருந்தும் அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் ஆடினார். எட்டில் ஆறு ஹிட், 0.406. “அதற்குப் பிறகு நானூறைத் தொட்டவர் இல்லை” என்று பெரியவர் பெருமையோடு சொன்னார். நானும் அப்படியே பலரிடம் சொல்லி வந்தேன்.

2024-ல் அந்த வாக்கியம் மாறியது. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத காலத்தில் அவர்கள் ஆடியது நீக்ரோ லீக்குகளில். ஆய்வாளர்கள் பழைய செய்தித்தாள்களின் ஸ்கோர் கட்டங்களைத் தேடித் தேடிச் சேர்த்ததால், 1920 முதல் 1948 வரையிலான அந்த ஆட்டங்களின் கணக்கும் மேஜர் லீக் பதிவேட்டில் ஏறியது. கேட்சர் ஜோஷ் கிப்சன் 1943-ல் அடித்தது 0.466. வாழ்நாள் சராசரி 0.372; அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப் இரண்டாமிடத்துக்கு இறங்கினார்.

‘வாக்’கைக் கணக்கில் விட்டது ஒரு கருத்துப் பிழை. இந்த மனிதர்களை விட்டது அநியாயம். யாரோ ஒருவர் அன்றைக்கு அரங்கில் உட்கார்ந்து அட்டையில் எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு அதைத் திருத்த முடிந்திருக்கிறது. கிப்சன் இதைப் பார்க்கவில்லை. 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். அந்தத் தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் கால் வைத்தது அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி.