தந்தைக்கு நான் தந்த மருந்து

நான் மருத்துவன் அல்லேன். செகந்திராபாத்தில் ரயில்வே குமாஸ்தா. பள்ளிப் படிப்போடு நின்றவன். ஆயினும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தைப் பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம், அதைக் கொண்டு என் தந்தையாருக்கு நானே செய்த பிழைதான்.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, இருதயக் குழாயில் வளையம் பொருத்தினார்கள். கொழுப்பைக் குறைக்க டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். அப்பாவுக்கு நீரிழிவும் உண்டு. அந்நாளில் அலுவலக நண்பர் ஒருவர், "நியாசின் நல்ல கொழுப்பை உயர்த்துமாம், பழைய நூல் ஒன்றில் படித்தேன்" என்றார். டாக்டரிடம் தெலுங்கில் துருவிக் கேட்க என் நாக்குத் தயங்கும். தமிழில் சொன்ன நண்பர் வாக்கோ எனக்கு வேதவாக்காயிற்று. வேர்க்கடலையிலும் மீனிலும் உள்ள சத்துத்தானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்று எண்ணினேன். கடைக்காரரும் சீட்டுக் கேட்கவில்லை. 500 மில்லிகிராம் மாத்திரையை நாளுக்கு ஒன்றெனத் தொடங்கி நான்காக்கினேன்.

அப்பாவின் முகமும் கழுத்தும் சிவந்தன. "மிளகாயை அரைச்சுப் பூசினாப்போல எரியுதப்பா" என்றார். மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று நான் தேற்றினேன். "பிள்ளை விவரம் தெரிஞ்சுதான் கொடுப்பான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுப்பின்றி விழுங்கி வந்தார்.

இரண்டு திங்கள் கழித்து இரத்தத்தைச் சோதித்தோம். நல்ல கொழுப்பு ஏறியிருந்தது. என் நெஞ்சு பூரித்தது. அடுத்த வரியில் சர்க்கரையும் ஏறியிருந்தது. டாக்டர் காரணம் கேட்டபோது, சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் கோபிக்கவில்லை, பொறுமையாக விளக்கினார்.

ஒருவருக்கு நாள்தோறும் வேண்டிய நியாசின் சுமார் 15 மில்லிகிராம். நான் கொடுத்தது 2,000. அந்த அளவில் அது உணவுச் சத்து அன்று, கடுமையான மருந்து. சர்க்கரையை ஏற்றும், கல்லீரலையும் தாக்கக்கூடும். மிகுந்த அளவில் அது கொழுப்பைக் குறைக்கும் என்று 1955-இல் கண்டறிந்தார்கள். அதனால் இருதய நோயாளிகளுக்குப் பல்லாண்டுகள் கொடுத்து வந்தார்கள். பிறகு ஸ்டாட்டின் மாத்திரைகள் வந்தன. அவற்றோடு நியாசினும் சேர்த்தால் கூடுதல் நன்மை உண்டா என்று பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். ஓர் ஆய்வைப் பலன் காணாமல் 2011-இல் இடையிலேயே நிறுத்தினர். ஐரோப்பாவிலும் சீனாவிலும் 25,673 பேரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. அதில், முகச் சிவப்பைத் தணிக்கும் வேறொரு மருந்தோடு நியாசினைக் கொடுத்தனர். நல்ல கொழுப்பு உயர்ந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. நீரிழிவும், தொற்று நோய்களும், இரத்தக் கசிவும் மிகுந்தன.

குமாஸ்தாவான எனக்கு இது எளிதில் விளங்கிற்று. ஏட்டுத் தொகை நேராக இருப்பதால் பெட்டியில் ரொக்கம் இருப்பதாக ஆகிவிடாது.

அப்படியானால் நியாசின் வீண் சரக்கா? அன்று. பெல்லாக்ரா என்றொரு நோய் உண்டு. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்குக் காணும், சித்தம் கலங்கும், முடிவில் உயிரும் போகும். அமெரிக்கத் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளை அது வாட்டிற்று. தொற்று நோய் என்றே பலரும் நம்பினார்கள். கோல்ட்பெர்கர் என்னும் மருத்துவர் 1915-இல் சிறைக் கைதிகள் பதினொருவருக்கு அத்தகைய உணவையே கொடுத்துப் பார்த்தார். ஆறு பேரிடம் நோய் தோன்றியது. குறை உணவில்தான் என்பது தெளிந்தது. அந்தக் குறையைத் தீர்ப்பது நியாசின் என்பது 1937-இல் எல்வெஜெம் செய்த ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. அதன்பின் சாகக் கிடந்தவர்கள் சில நாட்களில் எழுந்து அமர்ந்தனர். பித்தர் எனப்பட்டோர் தெளிந்தனர்.

நாம் குடியேறிய இத்தக்காணத்திலும் ஜொன்னலு எனப்படும் வெள்ளைச் சோளம் உண்டு வாழ்ந்தோரிடம் அந்நோய் இருந்தது. அதை ஆராய்ந்தவர்களுள் முதல்வர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். அவர் பணிபுரிந்த, தார்நாக்காவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் நம்மைப் போலவே இடம் பெயர்ந்ததுதான். 1918-இல் குன்னூரில் தோன்றி, 1958-இல் ஐதராபாத் வந்து சேர்ந்தது. இன்றும் காசநோய்க்கு ஐசோனியசிட் உண்போரிடம், உணவு போதாதபோது, பெல்லாக்ரா தலைகாட்டுவதுண்டு. டாக்டர் அறிந்து கொடுத்தால், அங்கே நியாசின் உயிர் காக்கும்.

இல்லாதவனுக்கு அமுதமாவது எல்லோருக்கும் அமுதமாகாது. இதனை அறிய நான் என் தந்தையின் உடலைச் சோதனைக்களம் ஆக்கிவிட்டேன்.

மாத்திரையை நிறுத்தியபின் சர்க்கரை படிப்படியாகக் குறைந்தது. அப்பா மாலையில் உலாவப் போகிறார். அவர் என்னை ஒரு சொல்லும் கேட்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். டாக்டரிடம் போகும்போது, வீட்டில் உண்ணும் மருந்து, சத்து மாத்திரை, சூரணம் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். மொழி தடையானால், தெலுங்கு நன்கறிந்த அன்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன். இப்போது அவ்வளவு தெலுங்கு கற்றுக்கொண்டேன்.