சீக்கு

தாமிரபரணிப் படித்துறைக்கு ஆள் வருமுன்னே துணி அலசிவிட்டுத் திரும்பிவிடுவாள் பெரியாச்சி. கல்யாண வீடு, கோயில் கொடை எதற்கும் போனதில்லை. படுக்கை தொழுவத்தை ஒட்டித்தான். மூன்று நாள் வலி கண்டு தலைப்பிள்ளை செத்துப் பிறந்ததிலிருந்து சிறுநீர் நிற்காமல் கசிந்தது. புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். வீட்டில் 'சீக்கு' என்பார்கள், அவ்வளவுதான்.

தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகுதான், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த டிஸ்சார்ஜ் சீட்டில் அதன் பெயரைப் படித்தேன்: ஃபிஸ்டுலா. பிள்ளையின் தலை சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு நாள்கணக்கில் அழுத்த, ரத்த ஓட்டம் நின்று தசை அழுகி, பைக்கும் யோனிக்கும் நடுவே ஓட்டை விழுகிறது. நேரத்துக்கு சிசேரியன் செய்திருந்தால் வந்திருக்காது.

அந்த ஓட்டையைத் தைக்க, 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில், மேரியன் சிம்ஸ் பழகியது அடிமைப் பெண்களின் உடலில். பெட்சி, லூசி, அனார்கா. அனார்காவுக்கு மட்டும் 30 முறை, மயக்கமருந்து இல்லாமல். ஈதர் 1846இலேயே வந்துவிட்டது. 1849இல் வெள்ளிக்கம்பித் தையல் பிடித்தது. நியூயார்க்கில் நின்ற அவர் சிலையை எடுக்க 2018 ஆயிற்று.

பெரியாச்சிக்கு அந்தத் தையல் கிடைக்க 40 வருஷம். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ்தான்.

"ஏம்மா இத்தனை நாள் வரலை?" என்று கேட்டாராம் டாக்டரம்மா.

"எப்பிடித் தாயி சொல்லுதது?"

குழாயை எடுத்து வீடு திரும்பிய ராத்திரி, பட்டாசலில் பிள்ளைகள் எங்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தாள்.