பாண் யாருடைய சாப்பாடு?

ஜப்பானின் தெருமுனைப் பேக்கரிகளைப் பார்த்து வருகிறவர்கள் அவற்றின் அழகைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அங்கே விற்கும் பண்டத்துக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் 'பான்'. கொழும்பு தெமட்டகொடையில் நாங்கள் வாங்குவது 'பாண்'. இரண்டும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்த ஒரே சொல். 1505இல் அவர்கள் இலங்கையில் இறங்கினார்கள், 1543இல் ஜப்பானில். அங்கே அது நாட்டின் கைவினையாகிவிட்டது. இங்கே இன்னும் வெள்ளைக்காரன் விட்டுப்போன சாப்பாடு என்று பேச்சு வாங்குகிறது. இந்தப் பேச்சு நியாயமில்லை. எங்கே விளைந்தாலும், ஓர் ஊர் தன் நாக்குக்கு வளைத்தெடுத்த உணவு அந்த ஊருடையதுதான்.

டோக்கியோவின் கின்சாவில் கிமுரா யசுபெய் 1874இல் செய்ததைப் பாருங்கள். சாக்கே என்னும் அரிசி மதுவை வடிப்பதற்கான நொதியால் மாவைப் புளிக்கவைத்து, உள்ளே சிவப்புப் பயற்றை இனிப்பாக மசித்து வைத்து 'அன்பான்' சுட்டார். அடுத்த ஆண்டே அது மெய்ஜி சக்கரவர்த்திக்குப் படைக்கப்பட்டது. எங்கள் போறணைக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். மீனையும் உருளைக்கிழங்கையும் உறைப்பாகப் பிரட்டி முக்கோணமாக மடித்த மாலு பாண், மேலே சீனி தூவி முதலைபோல நீட்டிய கிம்புலா பனிஸ், இரண்டு பக்கமும் முறுகிய றோஸ் பாண்: இவற்றில் எது வெள்ளைக்காரனுடையது? நிறுவைகூட எங்களுடையதாகிவிட்டது. சட்டம் 450 கிராம் என்கிறது. கடை வாசலில் கேட்பது 'ஒரு றாத்தல் பாண்' என்றுதான். நாட்டில் எல்லாம் கிலோவுக்கு மாறிய பிறகும் றாத்தல் என்ற சொல்லைப் பாண் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கோதுமை இங்கே விளைவதில்லையே, டொலர் வெளியே போகிறதே என்பார்கள். வலுவான மறுப்பு இது. 2022இல் டொலர் இல்லாமல் மாவின் விலை ஏறியபோது சின்னப் பேக்கரிகள் பல மூடப்பட்டன. அந்த அடி சாதாரணமானதல்ல. ஆனால் ஜப்பானும் தன் கோதுமையில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. எங்கள் பக்கம் பாணோடு தொட்டுக்கொள்ளும் மைசூர்ப் பருப்பு கப்பலில் வருவது. சம்பலுக்குப் போடும் மாசி மாலைதீவுச் சரக்கு. மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். இவற்றையெல்லாம் சொந்தமென்று தட்டில் வைத்துக்கொண்டு பாணை மட்டும் அந்நியன் என்பது எப்படிச் சரியாகும்? வெள்ளை மா உடம்புக்கு ஆகாது என்ற இன்னொரு மறுப்பிலும் உண்மை இருக்கிறது. சீனி வியாதிக்காரர் வைத்தியர் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். அவர்களுக்காகவே குரக்கன் பாண் போடும் கடைகளும் உண்டு.

தெமட்டகொடையில், பாண் யாருடையது என்ற கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ரயில்வே கொட்டிலில் இரவு முறை முடிந்து வருகிறவருக்கும், தொடர்மாடியில் விடியமுன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கும், சோறு வடிக்க நேரமும் காஸும் இல்லாத பொழுதில் கைகொடுப்பது பேக்கரிதான். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்கு முன் நிற்கிறார்கள். போறணையில் பாண்கள் ஒன்றோடொன்று ஒட்டித்தான் வேகின்றன. கடைக்காரர் ஒரு றாத்தலைப் பிய்த்தெடுக்கையில் மேல்தோல் கபில நிறத்தில் முறுகியிருக்கிறது. ஒட்டியிருந்த பக்கம் பஞ்சாக, வெள்ளையாக, இன்னும் ஆவி விட்டபடி. வீட்டுக்குப் போகும் வழியில் சிறுவர்கள் கிள்ளித் தின்பது அந்தப் பக்கத்தைத்தான்.