நோம்பிச் செலவும் பிசிறுக் கூலியும்

திருமுருகன்பூண்டிக்கு ஒரு புராணம் உண்டு. சேரமான் பெருமாள் அளித்த பொன்னையும் பொருளையும் ஆட்கள் சுமந்துவர, சுந்தரர் இவ்வழியே வந்தாராம். தம் தோழருக்குத் தாமன்றி வேறொருவர் பரிசு கொடுப்பதா என்று எண்ணிய சிவபெருமான், பூதகணங்களை வேடர் வடிவில் ஏவி அவ்வளவையும் பறித்துக்கொண்டாராம். சுந்தரர் கோவிலில் நின்று பாடியதும், பறிபோன பொருள் மீண்டும் வந்து குவிந்ததாம். நடந்ததா, நடக்கக்கூடியதா என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கப்போவதில்லை. ஆனால், பரிசுப்பொருள் பறிபோன ஊர் என்ற பெயர் மட்டும் இன்றைக்கும் இவ்வூருக்குப் பொருந்தித்தான் இருக்கிறது. இன்று பறிப்பவர் கையில் வில் இல்லை, அம்பு இல்லை. பண்டிகை என்ற பெயரோடும், சீர் என்ற பெயரோடும், "வீட்டில் இருந்தபடியே நாலு காசு" என்ற இனிய சொல்லோடும் பறிப்பு நடக்கிறது. பாடினால் பொருள் திரும்பி வருவதாகவும் காணோம்!

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே உள்ள இந்த ஊரில் பகலெல்லாம் சிற்பக்கூடங்களின் உளியோசை கேட்கும். 2021இல் நகராட்சியாக உயர்ந்த ஊர் இது. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே, மாலைப்பொழுதில் வேறோர் ஓசை தொடங்கிவிடும். மொபெட்டில் மூட்டை மூட்டையாகப் பனியன்கள் வந்து தெருத்தெருவாக இறங்கும். கழுத்தோரம், கையோரம், அடிமடிப்பு, லேபிள் தைத்த இடம் ஆகியவற்றில் தொங்கும் நூல் பிசிறைக் கத்தரித்து, அடுக்கி, எண்ணி, மறுநாள் திருப்பிக் கொடுக்கவேண்டும். இதற்குப் பிசிறு வெட்டுதல் என்று பெயர். பீஸ் ஒன்றுக்கு இவ்வளவு பைசா என்பது கூலி.

என் தமக்கையின் வீட்டிலும் சென்ற ஆண்டு மூட்டை இறங்கிற்று. அவர் மகளுக்கு ஆவணியில் திருமணம் ஆகியிருந்தது. ஐப்பசியில் தலைத்தீபாவளி. கொங்கு நாட்டில் இதை நோம்பி என்பார்கள். தலைநோம்பிக்கு மருமகனை அழைத்து வேட்டி சட்டை, மகளுக்குப் பட்டுச் சேலை, சம்பந்தி வீட்டாருக்குத் துணி, பலகாரம், இவற்றோடு மருமகன் விரலுக்கு ஒரு மோதிரமும் வேண்டும். மச்சான் ஓவர்லாக் தைப்பவர். அவருக்கு வரவிருந்த போனஸ், திருமணக் கடனுக்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அக்கா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

"ராத்திரியில சும்மா கெடக்கிற நேரந்தானே தம்பி. கைச்செலவுக்காச்சு" என்றார்.

சும்மா கிடக்கிற நேரம்! விடியலில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கவனித்து, துணி துவைத்து, இரவு ஒன்பது மணிக்குத்தான் அவர் தரையில் உட்காருகிறார். தூங்கவேண்டிய நேரத்துக்குச் சும்மா கிடக்கிற நேரம் என்று பெயர் சூட்டியவர் யார் என்று எண்ணிக்கொண்டே, ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அருகில் அமர்ந்தேன்.

ஒரு மணி நேரத்தில் 32 பீஸ். பீஸுக்கு 60 பைசா. ஆக, மணிக்கு 19 ரூபாய் 20 பைசா. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மூன்று மணி நேரம் வெட்டினால் 57 ரூபாய் 60 பைசா. ஓர் இரவும் தவறாமல் நாற்பது இரவு வெட்டினால் 2,304 ரூபாய்.

இனி மறுபக்கக் கணக்கைப் பாருங்கள். அரைப் பவுன் என்பது நான்கு கிராம் தங்கம். அதை வாங்க 40,000 ரூபாய் கடன் வாங்குவதென்று பேசி வைத்திருந்தார்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி. மாதம் 800 ரூபாய், மூன்று மாதத்துக்கு 2,400 ரூபாய். நாற்பது இரவு கண்விழித்து, முதுகு வளைத்து, விரல் காய்த்துச் சேர்த்த பணம், அந்த மோதிரத்தின் மூன்று மாத வட்டிக்குக்கூடப் போதாது! அசல் அப்படியே நிற்கும்; அடுத்த நோம்பியும் வந்து நிற்கும். பண்டிகைக்காகச் சம்பாதிக்கிறோம் என்று அக்கா நினைத்தார். உண்மையில், வட்டிக்கடைக்காக அவர் விழித்திருக்கவிருந்தார்.

அந்தப் பனியன்கள் யாருக்காக? உள்நாட்டுச் சரக்கு என்றால் எவரோ தீபாவளிக்கு உடுத்தப் போவது. ஏற்றுமதிச் சரக்கு என்றால் கடல்கடந்த நாட்டில் எவரோ கிறிஸ்துமஸ் பரிசாக வண்ணத்தாளில் சுற்றிக் கொடுக்கப் போவது. உலகத்தார் ஒருவருக்கொருவர் பரிசளித்து மகிழ்வதற்கு வேண்டியதையெல்லாம் செம்மை செய்து தரும் கை, தன் மகளுக்கு ஒரு சேலை வாங்க இரவை விற்கவேண்டியிருக்கிறது. வேலை மிகுந்து வருகிற அதே காலத்தில் வீட்டின் தேவையும் மிகுந்து நிற்பதால், "என்ன கூலி?" என்று கேட்கும் துணிவு வருவதில்லை. கிடைத்தது போதும் என்று தலையாட்டத் தோன்றுகிறது. பண்டிகை, தேவையை மட்டும் வளர்க்கவில்லை, கூலியையும் தாழ்த்துகிறது.

இதே பிசிறைக் கம்பெனிக்குள் அமர்ந்து வெட்டும் பெண்ணின் நிலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவளுக்கும் ஊதியம் பெரிதென்று நான் சொல்லவில்லை. எனினும், வேலைக்கு நேரம் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மிகைநேரத்துக்கு இருமடங்கு ஊதியம் என்று விதித்தது. நோய்க்கு ஈட்டுறுதி, முதுமைக்குச் சேமநிதி என்பனவும் சட்டப்படி உரியவை. பண்டிகைக்கு 1965இல் போனஸ் சட்டம் வந்தது. ஆண்டு ஊதியத்தில் 8.33 விழுக்காட்டுக்குக் குறையாமல் தரவேண்டும் என்பது பின்னர் அதில் ஏற்பட்ட விதி. அதாவது, ஏறத்தாழ ஒரு மாத ஊதியம். இவை எவராலும் இரக்கப்பட்டு வழங்கப்பட்டவை அல்ல. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் திருப்பூர்! அதே நூலும் அதே பனியனும் கம்பெனி வாயிலைத் தாண்டி வீட்டுத் திண்ணைக்கு வந்ததும், இவ்வளவு உரிமையும் வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. மின்விளக்குச் செலவு நம்முடையது, இடம் நம்முடையது, கறைபட்ட பீஸுக்குப் பிடித்தமும் நம்முடையது. போனஸ் மட்டும் இல்லை.

சட்டம் இவர்களை அறியாததா? அறியும். பொருளை வாங்கிச் சென்று தம் வீட்டில் செம்மை செய்து தருபவரும் தொழிலாளரே என்று 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே கூறிற்று. வீட்டில் பீடி சுற்றும் பெண்களைத் தொழிலாளராக 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. வீட்டிலிருந்து உழைப்போருக்காக ஜெனீவாவில் உலகத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் உடன்பாடு இயற்றிற்று. இந்தியா அதில் இன்னும் இணையவில்லை. ஏட்டில் இருப்பது திண்ணைக்கு வரவேண்டுமானால், திண்ணையில் இருப்பவர் "நானும் தொழிலாளி" என்று சொல்லவேண்டும். "சும்மா கெடக்கிற நேரம்" என்று சொல்லும் வரையில் எந்தச் சட்டமும் படியேறாது.

இங்கிலாந்தில் இந்த நிலை இருந்தது. கிராட்லி ஹீத் என்ற சிற்றூரில், வீட்டுக் கொல்லையில் உலை வைத்துச் சங்கிலி அடித்துப் பிழைத்தார்கள் பெண்கள். இத்தகைய தொழில்களுக்குக் குறைந்த கூலியை நிர்ணயிக்க 1909இல் சட்டம் வந்தது. மணிக்கு இரண்டரைப் பென்னி என்று கூலியும் அறிவிக்கப்பட்டது. அக்கூலி வேண்டாம் என்று பெண்களிடமே கையெழுத்து வாங்கத் துணிந்தார்கள் முதலாளிகள். 1910இல், மேரி மக்ஆர்த்தர் என்ற பெண்மணியின் தலைமையில் நூற்றுக்கணக்கான பெண்கள் சுத்தியலைக் கீழே வைத்தார்கள். ஏறத்தாழப் பத்து வாரம்! இறுதியில் வென்றார்கள். வீட்டுக்குள் தனித்தனியே கிடப்பவர்கள் ஒன்றுசேர முடியாது என்ற பேச்சு அன்றே பொய்யாயிற்று.

அக்காவிடம் கணக்கைச் சொன்னேன். மோதிரம் வேண்டாம் என்றேன். அவருக்குச் சினம் பொங்கிற்று.

"நீ ஊருக்கெல்லாம் பேசு தம்பி, வேண்டாங்கல. நாளைக்கு எம் பொண்ணு அந்த வூட்டுல தலை நிமுந்து நிக்கோணுமில்ல? சொல்லுப் பொறுக்கப் போறது நீயா, அவளா?"

தோழர்களே, இந்தக் கேள்வியை எள்ளி நகையாடிவிட்டுப் போக முடியாது. "நாங்கள் தீபாவளி கொண்டாடுவதில்லை" என்று மேடையில் முழங்குவது ஆண்மகனுக்கு எளிது. நரகாசுரன் கதையை நாலு கேள்வியில் கிழித்தெறிந்துவிடலாம். ஆனால் சீர் குறைந்தால் இடிச்சொல் கேட்பவள் பெண். அந்த இடிச்சொல்லுக்கு அஞ்சித்தான் தாய் கண்விழிக்கிறாள். அறியாமை அன்று அது, அச்சம். கொடுப்பவரிடம் போய்க் கொடுக்காதே என்று அறிவுரை கூறுவதால் அச்சம் தீராது. வாங்குபவன் வாய்திறந்து வேண்டாம் என்று சொல்லவேண்டும்.

ஆகவே மருமகனிடம் சென்றேன். சிற்பக்கூடத்தில் உளி பிடிக்கும் பிள்ளை. கணக்கு எழுதிய தாளைக் கொடுத்தேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு வேண்டாமுங்க மாமா. அப்பாகிட்டச் சொல்றதுதான் கஷ்டமுங்க" என்றான்.

சொன்னான். தந்தை ஏற்கவில்லை, தலைநோம்பி விருந்துக்கு அவர் வரவுமில்லை. "உங்க ஞாயத்தால சம்பந்தி முகம் கோணிப்போச்சு" என்று அக்கா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. ஆனால் கடன் வாங்கவில்லை. பிசிறு வெட்டிய பணம் ஒரு சேலைக்கும் வேட்டி சட்டைக்கும் போயிற்று. நூற்றுக்கு இரண்டு வட்டி அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பொங்கலன்று சம்பந்தியும் வந்து கரும்பு தின்றார். மோதிரத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

பாதி வேலை அவ்வளவுதான். மறுபாதி கூலி. அதே கணக்குத் தாளைப் பார்த்துவிட்டு, அக்காவின் தெருவில் பதினொரு வீட்டுப் பெண்கள் மணிக்கணக்கு எழுதத் தொடங்கினார்கள். பீஸுக்கு 75 பைசா வேண்டும் என்று மூட்டை கொண்டுவருபவரிடம் கேட்டார்கள். அவர் மறுவாரம் மூட்டையைப் பக்கத்துத் தெருவில் இறக்கினார்! ஒரு தெரு கேட்டால் அடுத்த தெரு கிடைக்கும் என்பது அவர் அறிந்த கணக்கு. அடுத்த தெருவும் கேட்டால், அதற்கடுத்த ஊரும் கேட்டால், அவர் எங்கே இறக்குவார் என்பது நாம் போடவேண்டிய கணக்கு.

இவ்வேட்டைப் படிக்கும் இளைஞருக்குச் செய்ய வேலை இருக்கிறது. மணமாகும் தோழர்கள், சீர் வேண்டாம் என்று தம் வாயால், தம் வீட்டிலேயே, திருமணத்துக்கு முன்பே சொல்லட்டும். மாலையில் ஓய்வுள்ள தோழர்கள், ஒரு நோட்டும் ஒரு கடிகாரமுமாகத் திண்ணைக்குத் திண்ணை சென்று, மூட்டை எத்தனை, மணி எத்தனை, கூலி எத்தனை என்று எழுதிக் கொடுக்கட்டும். எழுதிய கணக்கைச் சங்கத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் கொண்டுபோகட்டும். ஒரு வீட்டின் கணக்கு முணுமுணுப்பு. நூறு வீட்டின் கணக்கு வழக்கு.

பண்டிகைக்கு மகிழவேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. உழைத்தவன் உண்டு, உடுத்து, உறவோடு கூடி மகிழும் நாள் வேண்டும். அந்த மகிழ்ச்சிக்கு உரிய பொருள் பகல் நேரக் கூலியிலேயே கிடைக்கவேண்டும். தாயின் உறக்கத்தை விற்று வாங்கிய பட்டு, எவ்வளவு பளபளத்தாலும், பரிசு ஆகாது.