ஏலகிரி கற்றுத் தந்த பாடம்

ஒரகடத்தில் வாகன உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறேன். ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013-இல் அங்கே ஆலை திறந்தது. புத்தம்புது மோட்டார் சைக்கிள்கள் லாரிகளில் ஏறிப் போவதை அன்றாடம் காண்பவன் நான். வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஏது என்ற இறுமாப்பு இருந்தது.

சென்ற பெருநாள் விடுமுறையில், திருப்பத்தூரிலுள்ள மாமனார் வீட்டிலிருந்து மனைவியுடன் ஏலகிரிக்குப் புறப்பட்டேன். பொன்னேரியிலிருந்து ஏறும் அம்மலைச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர் தாங்கியவை. ஒரு வளைவில் மூன்றாம் கியரிலேயே திரும்ப முயன்றேன். இன்ஜின் நின்றது. வண்டி பின்னோக்கி உருண்டது. முன் பிரேக்கை இறுகப் பிடித்தும் பயனில்லை. மேட்டில் பாரமெல்லாம் பின்சக்கரத்தில் அல்லவா இருக்கிறது! கீழே பேருந்தின் ஒலி கேட்டது. மனைவி குதித்திறங்கி வண்டியைத் தாங்கினாள். அவள் முழங்கை சிராய்த்ததோடு இறைவன் காத்தான்.

மாமனார் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். காயத்தைக் கண்டும் கடிந்துகொள்ளவில்லை.

"வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், மாப்பிள்ளை. இன்ஜின் நின்றால் முதல் கியரில் போட்டுக் கிளச்சை விடுங்கள், பின்சக்கரம் உருளாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்" என்றார்.

வண்டி செய்யும் ஊரில் வாழ்வது வேறு. வண்டி ஓட்டத் தெரிவது வேறு. சகோதரர்களே, நம்மை நம்பிப் பின்னால் அமர்ந்திருக்கும் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.