படம் பகிர்ந்தவன் குண்டரா?

கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எங்களுக்கு முதல் தியேட்டர் ஒரு சீடிக் கடைதான். பென் ட்ரைவைக் கொண்டுபோய்க் குடுத்தால் கடை அண்ணா "எத்தினை படம் வேணும்?" என்று கேட்பார். குடும்பத்தோட தியேட்டருக்குப் போக வீட்டில் காசில்லாத காலம். எங்களில் வெள்ளவத்தைக்காரருக்குக் கடை வேறு, கதை ஒன்றுதான். பிறகு சீடி போய் டெலிகிராம் வந்தது. இன்றைக்குக் கலைப்பீடத்தில் இருந்துகொண்டு சினிமா பற்றி வாய் கிழியப் பேசும் எங்கள் நாலு பேரின் சினிமா அறிவும் அப்படி வந்ததுதான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

போன வருஷம் கதை திரும்பியது. வெள்ளவத்தை ரயில் பாதையோரம் மூன்று பின்னேரங்கள் நின்று, போனிலேயே 14 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். யூடியூப்பில் போட்டு ஒரு கிழமைக்குள், எங்கள் பெயர்கள் வரும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு யாரோ தன்ர சனலில் ஏற்றியிருந்தார். எங்கட பக்கத்தில் 300 பேர் பார்த்த படத்தை அங்கே ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார்கள். வயிறு எரிந்தது. "இவனையெல்லாம் பிடிச்சு உள்ள போடோணும்" என்றாள் எங்களில் ஒருத்தி. ஒருவரும் மறுக்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் சட்டங்களைத் தேடி வாசித்தோம். வாசிக்க வாசிக்கக் கோபம் இறங்கி, ஒருவிதப் பயம் வந்தது.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபா வரை தண்டப்பணம், அல்லது இரண்டும். திரும்பவும் செய்தால் அது இரட்டிப்பாகலாம். விமர்சனம், கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கு நியாயமான பயன்பாடு என்று ஒரு கதவையும் அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது. படம் பற்றி எழுதுகிற எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு முக்கியம்.

எங்களை உலுக்கியது தமிழ்நாடு. அங்கே 1982 இல் வந்த தடுப்புக் காவல் சட்டத்தை எல்லோரும் குண்டர் சட்டம் என்றுதான் சொல்வார்கள். கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் கடத்துபவர், ரவுடி ஆகியோருக்காக வந்தது. 2004 இல் அந்தப் பட்டியலில் திருட்டு வீடியோக்காரரையும் சேர்த்தார்கள். அதாவது, பதிப்புரிமையை மீறிய ஒருவரை வழக்கு விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைத்திருக்கலாம். ஆலோசனைக் குழு ஒன்று பார்க்கும். ஆனால் அதன் முன் வக்கீலை வைத்து வாதாடும் உரிமை கிடையாது.

விசாரணை இல்லாத சிறை என்றால் என்ன என்று கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் ஒருவரும் விளக்கத் தேவையில்லை. 1979 இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதன்கீழ் 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது, 2022 திருத்தத்தில் 12 மாதமானது. இரண்டு சட்டமும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் பயங்கரவாதச் சந்தேகநபருக்கு இங்கே வைத்த அதே 12 மாதத்தை, பட சீடி விற்றவருக்கு அங்கே வைத்திருக்கிறார்கள். எங்கட கடை அண்ணா சென்னையில் பிறந்திருந்தால் அவர் ஒரு 'குண்டர்'.

இவ்வளவு கடுமையால் திருட்டு நின்றதா? 2004 இலிருந்து குண்டர் சட்டம் இருந்தும், 2023 இல் இந்திய நாடாளுமன்றம் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது. தியேட்டரில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதம், கூடியது 3 வருஷம் சிறை. தண்டம் 3 லட்சம் ரூபாவில் தொடங்கி, தயாரிப்புச் செலவின் 5 சதவீதம் வரை போகலாம். வெளிநாட்டில் சர்வர் வைத்திருப்பவரைப் பிடிப்பது கஷ்டம். தெருமுனையில் கடை வைத்திருப்பவர் சுலபமாக அகப்படுவார். ஹொலிவூட்டின் நாடே 2020 இல் சட்டவிரோத ஸ்ட்ரீமிங்குக்குக் கடும் தண்டனை கொண்டுவந்தபோது, காசுக்காகச் சேவை நடத்துபவரைத்தான் குறிவைத்தது, பார்ப்பவரை விட்டுவிட்டது.

லைட் பிடிக்கும் அண்ணாவின் சம்பளமும் படம் ஓடினால்தான் வரும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் எல்லாம் இலவசம் என்று நாங்கள் கேட்கவில்லை. படத்தை நீக்கச் சொல்லுங்கள், நட்டஈடு கேளுங்கள், பெரிய வியாபாரமாகச் செய்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தி நிரூபியுங்கள். பகிர்ந்த ஒரு பெடியனுக்குச் சிறை வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது படங்களின் நெகட்டிவ்களும் சேர்ந்து எரிந்தன. அப்படி மூலமே போன படத்துக்கு எங்கோ ஒருவர் வைத்திருக்கும் கொப்பிதான் மிச்சம். கொப்பி எடுத்தவரெல்லாம் கள்ளன் என்று எழுதிவிட்டால் அதை வெளியே கொண்டுவர யார் துணிவார்?

எங்கட குறும்படத்துக்கு வருவோம். முறைப்பாடு போட முதல் அந்தச் சனலுக்கு ஒரு மெசேஜ் போட்டோம். உயர்தரம் படிக்கிற பெடியன். "சொறி அக்கா, படம் நல்லா இருந்தது, அதான் போட்டன். பேர் வெட்டினது பிழை" என்று எழுதினான். இரவோடு இரவாக எங்கள் பெயர்களைச் சேர்த்து, எங்கட பக்கத்தின் இணைப்பையும் போட்டான். அதற்குப் பிறகு எங்கட பக்கத்துக்கும் கொஞ்சம் ஆட்கள் வந்தார்கள். உள்ள போடோணும் என்று சொன்னவள்தான் அவனுக்கு முதலில் நன்றி எழுதினாள்.