அதிகாலை 2:45

பிரான்சில் இருக்கும் என் மகன் போன ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது, செருப்புப் பெட்டி அளவில் கறுப்பாக ஒன்றைக் கொண்டுவந்து என் படுக்கையறை அலமாரிமேல் வைத்தான். மோடம் அந்த அறையில் இருக்கிறது, கம்பி எட்ட வேண்டுமே. உள்ளே 2 ஹார்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும் என்றான். எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. நான் குமாஸ்தாவாகப் புரட்டிய பழைய பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளும் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள்தான். ஒன்று மேரியில், ஒன்று நீதிமன்றத்துக் கிரெஃபில்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது எங்கள் ஆல்பங்களில் பாதி ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. மிஞ்சியவற்றை ஸ்கேன் செய்து இந்தப் பெட்டியில் போட்டிருந்தான். கூடவே அவன் அம்மா செல்போனில் அவனுக்குப் பேசி அனுப்பிய குரல் பதிவுகள். மீன் குழம்புக்கு எப்போது புளி கரைத்து ஊற்றுவது, மருமகளிடம் எப்படிப் பேசுவது, இப்படி. அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் குரல் இப்போது அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது.

டிசம்பரில் ஒரு நாள் காலை அது பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது. போன் செய்தேன்.

"அப்பா, இரண்டாவது டிஸ்க் போயிருக்கும் போல. லாக் ஃபைலை இறக்கி எனக்கு அனுப்புங்க. அணைச்சிடாதீங்க. பழைய வரியெல்லாம் தானா அழிஞ்சிடும், இன்னிக்கே எடுங்க. ஆமா, நீங்க ஸ்விட்சை கிட்சை அணைக்கறது உண்டா?"

"இல்லை" என்றேன்.

தணிக்கைக் கேள்விக்கு முதல் பதில் எப்போதும் இல்லைதான். முப்பத்தைந்து வருடப் பழக்கம். ஆனால் உண்மையில் தினமும் இரவு படுக்கப்போகும்போது பிளக் ஸ்விட்சைத் தட்டி அணைத்துவிட்டு, காலையில் காபி போட எழும்போது போட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, இறக்கிய கதைக்கு வருகிறேன். கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து மேலே 192-ல் தொடங்கும் நான்கு தொகுதி எண்களை அடிக்க வேண்டும். அடித்தேன். 'இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பாக எச்சரிக்கை வந்தது. பயந்துபோய் மூடிவிட்டு மறுபடி போன். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டி, அதன் சான்றிதழ் அதுவே கையெழுத்துப் போட்டுக்கொண்டது, அதனால்தான் சந்தேகப்படுகிறது, மேலே போங்கள் என்றான். தனக்குத்தானே சான்றொப்பம் போட்டுக்கொண்டால் எந்த ஆபீஸில்தான் நம்புவார்கள்?

உள்ளே எல்லாம் ஆங்கிலம். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். ஆங்கிலம் ஆபீஸில் சேர்ந்த பிறகு பயந்து பயந்து கற்றது. மொழி மாற்றும் இடத்தைத் தேடிப் பிடித்து பிரெஞ்சுக்கு மாற்றினேன். ஆங்கிலத்தில் லாக் என்று மரக்கட்டை போல நின்றது, 'ழுர்னால்' ஆயிற்று. நாட்குறிப்பு, நாளேடு. இது நம்ம சங்கதி என்று தோன்றியது. 'தெலெஷார்ழே' என்ற பொத்தானை அமுக்கினேன். சில நிமிடம் சக்கரம் சுற்றி, ஒரு கோப்பு டவுன்லோட்ஸ் அறைக்குள் வந்து விழுந்தது.

அனுப்புவதற்கு முன் திறந்து பார்த்தேன். யார்தான் பார்க்காமல் அனுப்புவார்கள்? ஒவ்வொரு வரிக்கும் தேதி, மணி, தகவலா எச்சரிக்கையா பிழையா என்ற தரம், பிறகு விஷயம். கடைசி வாரங்களில் இரண்டாவது டிஸ்க்கில் பழுதான பகுதிகள் கூடிக்கொண்டே போவதாக எச்சரிக்கைகள். அதற்கு மேலே, தினம் ஒன்றாக, பெட்டி முறையாக அணைக்கப்படவில்லை என்ற வரி. எண்ணினேன், 96. மணி மட்டும் அதிகாலை 2:45.

அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனதுக்குள் ஒரு சந்தோஷம். ஆவணம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மாலையில் அவன் கூப்பிட்டான். "தினமும் நடு ராத்திரியில கரண்ட் போய் வருதுப்பா. யு.பி.எஸ். ஒண்ணும் புது டிஸ்க்கும் ஆர்டர் போடறேன்" என்றான். போடு என்றேன்.

இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து கோப்பை மறுபடி திறந்தேன். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 2:45. அதற்குப் பிறகு எல்லாம் 1:45. கரண்ட் ஏன் திடீரென்று ஒரு மணி நேரம் முன்னால் போக வேண்டும்? பிறகுதான் உறைத்தது. அன்றுதான் பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். பெட்டி பாரிஸ் நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கிறது. 2:45-ஓடு மூன்றரை மணி, 1:45-ஓடு நாலரை மணி. இரண்டும் நம்மூரில் காலை 6:15. கரண்ட் பட்டென்று போகும்போது பெட்டியால் எதையும் எழுத முடியாது, திரும்ப உயிர் வந்ததும் எழுதுகிறது. அதாவது நான் ஸ்விட்சைப் போட்டுக் காபிக்குத் தண்ணீர் வைக்கும் நேரம்.

அவனே அமைத்துவிட்டு அவனே கவனிக்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் பழி மின்சாரத்தோடு போய்விடும். பதிவேட்டைத் திருத்தக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அந்தப் பழைய பதிவேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் எண்ணும் சுருக்கொப்பமும் இருக்கும், வரிக்கு வரி இடைவெளி விடக்கூடாது, தேதியை எண்ணில் எழுதாமல் எழுத்தில்தான் எழுத வேண்டும். பின்னால் எவனும் கை வைக்காதபடி அத்தனை கட்டு. பார்த்தவன் சும்மா இருந்தால் என்ன செய்வது என்று அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் சொல்லிவிட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஏன்ப்பா அணைச்சீங்க?"

"கரண்ட் பில்லுதான்" என்றேன்.

"அதுக்கு என்ன பெரிசா ஆகப்போகுது..." என்று ஆரம்பித்து, விட்டுவிட்டான். டிஸ்க் கெட்டதற்கு நான் அணைத்ததுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, டிஸ்க்குகள் தாமாகவும் கெடும் என்று அவனே சமாதானமும் சொன்னான். நல்ல பிள்ளை.

கரண்ட் பில் என்றதும் பொய்தான். அந்தப் பெட்டி இரவில் மெல்ல இரைந்துகொண்டே இருக்கும். கடைசி ஆறு மாதம் அவள் ஆக்ஸிஜன் இயந்திரத்தோடுதான் படுத்திருந்தாள், அதே அறையில். அதுவும் இப்படித்தான் இரையும். இதை அவனிடம் போனில் சொல்ல வரவில்லை. இங்கே எழுதிவிட்டேன். தமிழை அவன் மெதுவாகப் படிப்பான், படிக்கட்டும்.

புது டிஸ்க் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் மாட்டிக் கொடுத்தான். முதல் டிஸ்க்கிலிருந்து எல்லாம் புதியதற்குப் பிரதியாக இரவு முழுக்க ஆகும், மூச்சு விடக்கூடாது என்று மகன் எச்சரித்திருந்தான். கூடத்தில் படுக்கலாம் என்று பாயை எடுத்துக்கொண்டு போய், பிறகு அறைக்கே திரும்பி வந்து படுத்தேன்.

காலை 6:15-க்கு ழுர்னாலை இறக்கிப் பார்த்தேன். கடைசி வரி, பிரதி எடுப்பது முடிந்தது என்றிருந்தது. மணி 4:50, நம்மூர் நேரம்.